சிசியில் தோற்ற கதை

டிரம்ப் கார்டு விளையாடாமல் தொண்ணூறுகளைக் கடந்த பையன்கள் எங்கள் தெருவில் கிடையாது. பெரும்பாலும் மல்யுத்தக்காரர்கள் கட்டுதான். உயரம், எடை, ரேங்க் என்று கத்திக்கொண்டே மதியம் முழுக்கத் திண்ணையில் போய்விடும். என் அத்தை மகனிடம் மட்டும் கார் கட்டு ஒன்று இருந்தது. மாமா துபாயிலிருந்து வாங்கி வந்தது. வழவழவென்ற அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு கார், அதன் கீழே நாலைந்து எண்கள். ஸ்பீடு, ஹெச்பி, சிலிண்டர், எஞ்சினின் அளவைச் சொல்லும் சிசி. அந்தக் கட்டில் ஃபெராரி எஃப் 40 யார் கைக்குப் போகிறதோ அவன்தான் அன்றைக்கு ராஜா. மணிக்கு 324 கிலோமீட்டர். ‘ஸ்பீடு’ என்று சொல்லிவிட்டால் போதும், எதிரில் இருப்பவன் கார்டைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஒரு மே மாத மதியம் எஃப் 40 என் கையில் இருந்தது. ஆனால் சொல்லும் முறை அவனுடையது. தன் கார்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ‘சிசி’ என்றான். 2936 என்றேன். ‘3929’ என்று சொல்லிக் கார்டைத் தரையில் வைத்தான். ஆரஞ்சு நிறத்தில், படுத்துக்கிடக்கிற மாதிரி ஒரு பழைய கார். ஹெட்லைட்டைச் சுற்றிக் கண்ணிமை முடி மாதிரி கறுப்புக் கோடுகள். லம்போர்கினி மியுரா. என்னுடைய எஃப் 40-ஐ எடுத்துத் தன் கட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டான். அன்றைக்கு இரவு நான் சாப்பிடாமல் படுத்ததாக அம்மா இன்னமும் சொல்வார். இருக்கலாம். எனக்கு நினைவிருப்பது அந்த எண் மட்டும்தான்.

இதற்குப் பழிவாங்கவே மியுராவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. மெக்கானிக்கல் படிக்கப் போன பிறகு ஆயுதங்களும் கிடைத்தன. மியுராவில் குறை சொல்ல அவ்வளவு இருக்கிறது. பெட்ரோல் டேங்கை முன்பக்கம் வைத்தார்கள். டேங்க் காலியாகக் காலியாக மூக்கு லேசாகும்; வேகமாகப் போகும்போது காற்று முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கார்புரேட்டர்கள் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டவை; ஊருக்குள் நின்று நின்று போனால் பெட்ரோல் தேங்கும், ஒரு சின்னப் பொறி போதும். எரிந்துபோன மியுராக்கள் ஒன்றிரண்டு இல்லை. இதற்கெல்லாம் மேலாக, 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் உலகமே வாய்பிளந்து பார்த்த அந்த முதல் காரின் பின்மூடியைத் திறந்து காட்டவே இல்லை. உள்ளே எஞ்சின் இல்லை. எடைக்காக வேறு எதையோ வைத்து மூடியிருந்தார்கள்.

விடுதி அறையில் இந்த வாதத்தை எத்தனை பேரிடம் வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. மியுரா ஒரு அழகான பொய், எஃப் 40 உண்மையான கார். இதுதான் என் கட்சி. எஃப் 40-இல் ரேடியோ இல்லை, தரையில் கம்பளம் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக்குக்குப் பூஸ்டர் இல்லை, ஏபிஎஸ் இல்லை. ஆரம்பத்தில் வந்த வண்டிகளில் ஜன்னல்கூடத் தள்ளித் திறக்கிற பிளாஸ்டிக் ஜன்னல்தான். தேவையில்லாத எதுவும் கிடையாது. ஒரு பொறியாளன் மதிக்க வேண்டியது அதைத்தான் என்று இருபத்திரண்டு வயதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

முதல் ஞாயிறு

பேக்கிங் மிஷின் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இத்தாலியின் போலோன்யா ஒரு பெரிய ஊர். மாத்திரை, தேயிலைப் பை, சாக்லேட் என்று எதைப் பொதி கட்டுவதாக இருந்தாலும் அதற்கான மிஷின் செய்கிற கம்பெனி அந்த வட்டாரத்தில் ஒன்றாவது இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நவம்பரில் என்னை அங்கே அனுப்பினார்கள். நாங்கள் வாங்கிய மிஷினைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பு அங்கேயே ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரம். காலையில் ஹோட்டல் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் தெரியாது, அவ்வளவு பனிமூட்டம். அந்தச் சமவெளியில் குளிர்காலம் முழுக்க அப்படித்தானாம்.

போலோன்யாவையும் மொடேனாவையும் சுற்றியுள்ள அந்தத் தட்டையான விவசாய பூமியில்தான் நான் சொல்லும் இரண்டு கார்களும் பிறந்தன. மியுரா சான்ட் அகாட்டாவில், எஃப் 40 மரனெல்லோவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் ஒரு மணி நேரம் ஆனால் அதிகம். வழியெல்லாம் வயல், பன்றிப் பண்ணை, சீஸ் தொழிற்சாலை, நடுவில் திடீரென்று ஒரு லேத் பட்டறை. கோயம்புத்தூர்க்காரனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு காலத்தில் பருத்திக் காட்டுக்கு நடுவே மோட்டார் செய்தவர்கள்தானே நாமும். ஃபெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் செய்து பணக்காரர் ஆனவர். தன் ஃபெராரி காரின் கிளட்ச் சரியில்லை என்று அவர் ஃபெராரி கம்பெனியைத் தொடங்கிய என்சோ ஃபெராரியிடமே போய்ச் சொல்ல, இருவருக்கும் சண்டை வந்ததாக ஒரு கதை உண்டு. அதை விடுகிறேன். சொல்லச் சொல்ல மெருகேறிய கதை அது.

முதல் ஞாயிற்றுக்கிழமை மரனெல்லோ அருங்காட்சியகத்துக்குப் போனேன். மற்றக் கார்களை எல்லாம் வேகமாகக் கடந்து எஃப் 40 முன்னால் போய் நின்றேன். புகைப்படத்தில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. எடையைக் குறைக்கப் பெயின்டை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள். வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் சிவப்புக்கு அடியில் நெசவு தெரிகிறது. கெவ்லரும் கார்பன் இழையும் பின்னிய துணி, ரெசினில் ஊறி இறுகிய துணி. ஒரு சிவப்புச் சட்டைக்குள் பனியன் தெரிகிற மாதிரி. உள்ளே எட்டிப் பார்த்தேன். கதவைத் திறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு கயிறு தொங்கியது. இழுத்தால் திறக்கும். கதவின் உட்பக்கம் மூடாமல் விட்ட கார்பன் தகடு. டாஷ்போர்டில் சாம்பல் நிறக் கம்பளித் துணி. பின்னால் எஞ்சினுக்கு மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி, சூடு வெளியேறக் கிடைவாட்டில் கிழித்த வெட்டுகள். ஒரு வண்டிக்காரன் தன் கஷ்டத்தை எதையும் மறைக்காமல் சொல்வது போல இருந்தது.

அந்த வண்டி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரேலி என்ற கார் பந்தயத்தில் குரூப் பி என்று ஒரு பிரிவு இருந்தது. அதற்காக ஃபெராரி 288 ஜிடிஓ என்ற காரைச் செய்தது. அதை இன்னும் முரடாக்கி ‘எவலூசியோனே’ என்று சில வண்டிகளையும் கட்டினார்கள். 1986 மே மாதம் கோர்சிகா ரேலியில் ஹென்ரி டோய்வொனெனும் அவருடைய சக ஓட்டுநரும் எரிந்து இறந்தார்கள். அந்த வருஷத்தோடு குரூப் பி முடிந்தது. ஓடுவதற்குக் களம் இல்லாமல் அந்த வண்டிகள் மரனெல்லோவில் நின்றன. நிக்கோலா மத்தராட்சி என்ற டர்போ நிபுணர் அதிலிருந்து சாலைக்கு ஒரு காரை உருவாக்கினார். ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆனது. 2.9 லிட்டர் வி-8, இரண்டு டர்போ, 478 குதிரைத்திறன். உடம்பு பினின்ஃபரினா என்ற வடிவமைப்பு நிறுவனத்துடையது. 1987 ஜூலை 21 அன்று மரனெல்லோவில் அதை வெளியிட்டார்கள். என்சோ ஃபெராரிக்கு அப்போது 89 வயது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார். 400 வண்டி செய்வதாக ஆரம்பித்து 1,300-க்கு மேல் செய்தார்கள். கேட்டவர்கள் அவ்வளவு பேர்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே நின்றபோது எனக்குள் ஓடியதும் இதுதான். அப்புறம்தான் ஒரு சங்கடம் உறைத்தது. நான் படித்தது எல்லாம் அப்படியே இருந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பது வருஷம் காதலித்த கார் முன்னால் நின்று அதன் பாகங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மிஷினைச் சரிபார்ப்பது போல. எல்லாம் சரியாக இருந்தது. காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரண்டாவது ஞாயிறு

எங்கள் மிஷினைக் கட்டிய குழுவில் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷமே இருந்த ஒரு ஃபிட்டர் இருந்தார். ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் ஸ்பேனரைப் பிடிக்கிற விதத்தில் பாதிப் பேச்சு புரிந்துவிடும். மரனெல்லோ போய்வந்ததைத் திங்கட்கிழமை சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அங்கே கண்ணாடி துடைக்கிறவன்தான் காரைத் தொடுவான் என்றார். அடுத்த ஞாயிறு காலை தன் பழைய ஃபியாட்டில் ஹோட்டல் வாசலுக்கு வந்து நின்றார். பனியில் எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை. ஒரு பண்ணை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் அவருடைய மைத்துனர் பட்டறை வைத்திருந்தார். பழைய கார்களை மட்டும் பிரித்துச் சேர்க்கும் பட்டறை. பெயர்ப் பலகை எதுவும் இல்லை.

உள்ளே வெளிர்பச்சை நிறத்தில் ஒரு மியுரா நின்றது. நின்றது என்று சொல்வது சரியில்லை. முன்பக்கம் முழுவதும் முன்னோக்கித் திறந்து, பின்பக்கம் முழுவதும் பின்னோக்கித் திறந்து, நடுவில் இரண்டு சீட்டு மட்டும் மிச்சமாக, சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகம் மாதிரி இருந்தது. திறந்துபோட்டால் எவ்வளவு சின்னக் கார் என்று தெரிந்தது. கீழே சேசிஸ், மடித்து ஒட்டிய இரும்புத் தகடு. எடை குறையட்டும் என்று அதில் எங்கு பார்த்தாலும் வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருந்தார்கள். இட்லித் தட்டைப் பார்க்கிற மாதிரி. பந்தயக் காருக்குத்தான் இப்படிப் போடுவார்கள். 1965 நவம்பரில், மேல் உடம்பே இல்லாமல் இந்த வெறும் சேசிஸை மட்டும் டூரின் கண்காட்சியில் வைத்தார்களாம் என்று படித்திருக்கிறேன். கார் இல்லாமல் எலும்புக்கூட்டை வைத்து என்ன காட்டினார்கள் என்று அப்போது கேலி செய்திருக்கிறேன். அன்றைக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் மூடியிருக்க மாட்டேன்.

எஞ்சின் வண்டியில் இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார்கள், அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி. மைத்துனர் ஒரு கைவிளக்கை எடுத்து அதன் வயிற்றுக்குள் காட்டினார். 

நான் பார்த்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். 12 சிலிண்டர் எஞ்சின் என்பது நீளமான சங்கதி. முன்னால் வைத்தால் பானெட் நீளும். ஓட்டுபவனுக்குப் பின்னால் நெடுக்காக வைத்தால் கார் ரயில் பெட்டி ஆகிவிடும். மியுராவில் அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். அப்படி வைத்தால் கியர் பாக்ஸுக்கு இடம் இல்லை. 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினியில் எஞ்சினைக் குறுக்காக வைத்துக் கியர்களை அதன் ஆயிலுக்குள்ளேயே அடக்கியிருந்தார்கள். மளிகை வாங்கப் போகிற சின்னக் கார் அது. அந்த யோசனையை எடுத்து, 350 குதிரைத்திறன் எஞ்சினில் போட்டார்கள். எஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே காஸ்டிங், ஒரே வார்ப்பு. நடுவில் சுவர் இல்லை. ஒரே ஆயில் எல்லாவற்றுக்கும். கியர் பல்லில் தேய்ந்து விழும் இரும்புப் பொடி எஞ்சின் பேரிங்குக்குப் போகும். கல்லூரியில் நான் கேலி செய்த அதே தப்பு. அதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

ஏனென்றால் இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

எனக்கு 26 வயது. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். ஒரு பேக்கிங் லைனில் இட நெருக்கடி; வார்ம் கியர் பெட்டி ஒன்று, அதற்குப் பக்கத்தில் கேம் பெட்டி ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி ஆயில், தனித்தனி பம்ப். நான் இரண்டையும் சேர்த்து ஒரே பெட்டியாக வரைந்தேன். ஒரு பம்ப் மிச்சம், ஒன்றரை அடி இடம் மிச்சம். பவுண்டரியில் போய் நின்று காஸ்டிங் வாங்கி வந்தேன். அது கையில் வந்த அன்றைக்குப் பைக்கில் முன்னால் வைத்து, அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தது இப்போதும் நினைவிருக்கிறது. நாலு மாதம் அருமையாக ஓடியது. ஐந்தாவது மாதம் கேம் ஃபாலோயர் பேரிங்குகள் வரிசையாகப் போயின. பிரித்துப் பார்த்தால் ஆயில் முழுக்க மின்னுகிற பொடி. வார்ம் வீல் வெண்கலம்; தேயத்தான் செய்யும். அது தேய்வது தன் பெட்டிக்குள் இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. நான்தான் சுவரை எடுத்துவிட்டேன். லைன் இரண்டு நாள் நின்றது. மேனேஜர் திட்டவில்லை. “இடத்தை மிச்சம் பண்ணியிருக்கே, பார்க்க நல்லாத்தான் இருக்கு. பிரிச்சு வெச்சிரு” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

லம்போர்கினியிலும் பிரித்து வைத்தார்கள். கடைசியாக வந்த எஸ்வி மாடலில், அதிலும் கடைசிக் காலத்து வண்டிகளில், எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியருக்கு ஓர் ஆயில் என்று ஆனது. அதற்குள் ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. மைத்துனர் இத்தாலியில் சொல்லச் சொல்ல ஃபிட்டர் எனக்கு ஆங்கிலத்தில் அரைகுறையாக மாற்றினார். இதைச் செய்த பசங்களுக்கு எத்தனை வயது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். படித்திருந்தேன். ஆனால் அந்த எண்களை அதுவரை கூட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வயதுக் கணக்கு

பொறியாளர்கள் ஜான் பாவ்லோ தல்லாரா, 28. பாவ்லோ ஸ்டான்சானி, 29. காரை ஓட்டிச் சோதித்த நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ், 27. பெர்த்தோனே என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் உடம்பை வரைந்த மார்செல்லோ கான்டினி, 27. டூரினில் அந்த ஓட்டை போட்ட சேசிஸ் நின்றபோது இவர்களில் ஒருவருக்குக்கூட முப்பது ஆகவில்லை. இவர்களுக்குப் பந்தயக் கார் கட்ட ஆசை. முதலாளிக்கு அதில் இஷ்டம் இல்லை. சொகுசாகவும் வேகமாகவும் போகிற கார் போதும் என்று நினைத்தவர். வேலை நேரத்துக்கு அப்புறம் உட்கார்ந்து இவர்கள் வரைந்ததைப் பார்த்து, கம்பெனிக்கு விளம்பரமாவது ஆகும் என்று அனுமதித்தார். விற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசியில் 760-க்கும் மேல் விற்றது. (உடம்பை உண்மையில் வரைந்தது கான்டினியா, அவருக்கு முன்பு அங்கிருந்த ஜியுஜாரோவா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அந்த ஹெட்லைட் இமைகளைப் போடுகிற துணிச்சல் கான்டினியுடையது என்றே எனக்குத் தோன்றுகிறது.)

கல்லூரியில் நான் பொய் என்று சொன்னது ஒவ்வொன்றையும் இந்த வயதோடு வைத்துப் பார்த்தேன். முன்பக்க டேங்க், நின்றால் எரிகிற கார்புரேட்டர், ஒரே ஆயில், ஜெனீவாவில் திறக்காத மூடி. ஏமாற்றுகிறவன் செய்கிற வேலையாக எதுவும் தெரியவில்லை. ஜெனீவாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, எஞ்சின் உட்காரவில்லை, மூடியைப் பூட்டு, யாராவது கேட்டால் பேச்சை மாற்று. செமினார் அன்றைக்குப் புராஜெக்ட் ஓடாதபோது நாங்கள் செய்ததும் அதேதான். தெரியாத இடத்தில் எல்லாம் துணிந்து கால் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காலை வைத்த இடத்தில் எல்லாம் பூமி இருந்துவிடவில்லை. அதற்காக அந்த ஹெட்லைட்டைச் சுற்றி இமை முடி வைக்காமல் விடவும் இல்லை. அந்த விளக்கு என்னவோ ஃபியாட் 850 ஸ்பைடர் என்கிற விலை குறைந்த காரிலிருந்து எடுத்தது. எரியாதபோது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். அதைச் சுற்றி வைத்த இமைகளால் காருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எஸ்வி மாடலில் எடுத்துவிட்டார்கள். எஸ்வி எல்லா வகையிலும் தேறிய கார்: அகலமான பின் டயர், 385 குதிரைத்திறன். விலையும் அதற்குத்தான் அதிகம். எனக்கு வேண்டாம். இமை இல்லாத மியுராவைப் பார்த்தால் புருவம் வழித்த முகம் போல இருக்கிறது.

இந்தப் பக்கம் எஃப் 40. அதில் மத்தராட்சி இருந்தார், இளம் பொறியாளர்கள் இருந்தார்கள். ஆனால் அது ஒரு கிழவர் தலையசைத்து வந்த கார். 89 வயது. பந்தய ஓட்டுநராக ஆரம்பித்து, மகனைப் பறிகொடுத்து, தன் கார்களில் எத்தனையோ ஓட்டுநர்கள் செத்ததைப் பார்த்து, கம்பெனியில் பாதியை ஃபியாட்டுக்குக் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு செய்த கார். இனி யாரைச் சந்தோஷப்படுத்த வேண்டும்? இமை முடி வைக்கிற வயதா? கம்பளம் எதற்கு, கைப்பிடி எதற்கு, கயிறு போதும். வயதாக ஆக எங்கள் தாத்தா இப்படித்தான் இருந்தார். சட்டையை விட்டார், செருப்பை விட்டார், கடைசியில் ஒரு வேட்டியும் துண்டும்தான். அந்தத் துண்டில் அவர் ராஜா மாதிரி இருப்பார், அது வேறு விஷயம்.

சாதாரணமாக நாம் இதைத் திருப்பித்தான் எதிர்பார்ப்போம். இளவட்டங்கள் முரட்டு வண்டி செய்வார்கள், அனுபவசாலி நளினமாகச் செய்வார் என்று. இங்கே மாறிவிட்டது. இன்னொன்றும் மாறியிருந்தது, அது என் சம்பந்தப்பட்டது. நான் பையனாக இருந்தபோது கிழவரின் காரைப் பிடித்துக்கொண்டு பசங்களின் காரை ஏளனம் செய்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் எனக்குத் தேவையில்லாதது எதுவும் இல்லாத கார் வேண்டியிருந்தது. எதை எல்லாம் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தவனைப் போல நடந்துகொள்வது அந்த வயதில் ஒரு மிடுக்கு. இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டி, என் மேஜைக்கு வரும் வரைபடங்களில் ‘இரண்டு ஆயிலையும் பிரித்து வை’ என்று சிவப்பில் எழுதுகிறவனாக நானே ஆனபிறகு, அந்த ஒரே காஸ்டிங்கின் முன்னால் கை நடுங்குகிறது.

இன்னொரு ஒற்றுமையும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இரண்டுமே பந்தயத்துக்காகப் பிறந்து பந்தயம் கிடைக்காமல் போன கார்கள். ஒன்றை முதலாளி விடவில்லை, இன்னொன்றின் களத்தையே மூடிவிட்டார்கள். எஃப் 40-ஐ அப்புறம் சிலர் மாற்றிக் கட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓட்டினார்கள். மியுராவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பாப் வாலஸ் மட்டும் மனசு கேட்காமல் 1970-இல் பந்தய விதிகளுக்கு ஏற்ப ஒரே ஒரு மியுராவைக் கட்டினார். ‘யோட்டா’ என்று பெயர். பந்தயத்துக்குப் போகாமலே அதையும் விற்றார்கள்; அடுத்த வருஷம் பிரெஷியா பக்கம் இன்னும் திறக்கப்படாத ஒரு சாலையில் விபத்தாகி எரிந்துபோனது. தல்லாரா அதற்கு முன்பே, 1968-இல், கிளம்பிவிட்டார். பிறகு தன் ஊரில் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். இன்றைக்கு அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு காரின் சேசிஸும் அங்கிருந்து வருவதுதான். ஃபெருச்சியோ லம்போர்கினி தன் கம்பெனியை விற்றுவிட்டு ஏரிக்கரையில் திராட்சைத் தோட்டம் போட்டார். அங்கே செய்த ஒயினுக்கு வைத்த பெயர் ‘மியுராவின் ரத்தம்’. மியுரா என்பது முதலில் ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்க்கும் ஒரு குடும்பத்தின் பெயர், அதனால் அப்படி.

எது நல்ல கார் என்று இப்போது கேட்டாலும் எஃப் 40 என்றுதான் சொல்வேன். பிரேக் பிடித்தால் நிற்கும், 300-ஐத் தாண்டினாலும் தரையை விடாது. இதில் மாற்றம் இல்லை. இரண்டில் எதையும் நான் ஓட்டியதில்லை, ஓட்டப்போவதும் இல்லை. ஓடிக்கூட நேரில் கேட்டதில்லை. ஒன்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது, இன்னொன்றின் எஞ்சின் ஸ்டாண்டில் இருந்தது. யூடியூபில் கேட்டதுதான். ஆனால் நல்ல கார் எது என்பது என் கேள்வியாக இருக்கவே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அத்தை மகன் என் எஃப் 40-ஐ எடுத்துக்கொண்டபோது எனக்கு வலித்தது கார்டு போனதற்காக இல்லை. பழைய வண்டி ஒன்றில் அவ்வளவு பெரிய எஞ்சின் எப்படி இருக்க முடியும், அதை எங்கே வைத்திருப்பார்கள் என்று புரியாததால்தான் தூக்கம் வரவில்லை. அதற்கான பதிலை முப்பது வருஷம் கழித்து ஒரு மாட்டுக்கொட்டகையில் கைவிளக்கில் காட்டினார்கள்.

கிளம்பும்போது மைத்துனரிடம், அந்த காஸ்டிங்கைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்கிறாயே என்பது போல என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். குளிருக்கு ஐஸ் மாதிரி இருந்தது. வார்ப்பு அச்சின் பாதிகள் சேர்ந்த தடமான பார்ட்டிங் லைன் ஓடுகிற இடத்தில் லேசாகச் சொரசொரப்பு. யாரோ அரத்தால் தேய்த்து, அப்புறம் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு இரவு பிரித்துப்போட்ட மியுராவின் படத்தை அத்தை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான், மூச்சுவிட நேரமில்லாதவன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

“சூப்பர் மச்சான். என்ன வண்டி இது?”

டிரம்ப் கார்டு, துபாய்க் கட்டு, திண்ணை என்று நீளமாக அடித்தேன். அதையெல்லாம் அழித்துவிட்டு ‘3929’ என்று மட்டும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மேலே ‘டைப்பிங்’ என்று கொஞ்ச நேரம் காட்டியது, அப்புறம் நின்றுவிட்டது.